முந்நூற்று நாற்பத்தோராம் நாள்

விவாகரத்துக்குக் காரணம் கேட்கும் படிவத்தில் ஏழு கட்டங்கள் இருந்தன. கொடுமை, வேறு உறவு, கைவிட்டுப் போனது, குடி முதலான பழக்கங்கள், தீராத மனநோய், சிறைவாசம், கடைசியில் பிரிந்து வாழ்வது. பல்லுக்காரி மேலிருந்து கீழே ஒரு தடவையும் கீழிருந்து மேலே ஒரு தடவையும் படித்தாள். அவள் மனதில் வைத்துக்கொண்டு வந்த வார்த்தை எந்தக் கட்டத்திலும் இல்லை.

"மேடம், அருவருப்புக்குக் கட்டம் கிடையாதா?"

இலவச சட்ட உதவி மையத்து வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார். மின்விசிறி சுற்றுகிற வேகத்துக்கு மேஜையிலிருந்த காகிதங்கள் எழும்பி எழும்பி அடங்கின.

"அடிப்பாரா?"

"இல்ல."

"குடிப்பாரா?"

"இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் குடிப்பார்."

"வேற பொம்பளை?"

"எல்லாரையும் பார்த்துச் சிரிப்பார். அதுக்கு மேல போறதுக்கு உடம்பு வணங்காது."

"வீட்டுச் செலவுக்குக் குடுக்கறதில்லையா?"

"குடுக்கிறார்."

"அப்புறம் என்னதாம்மா உங்களுக்கு?"

அதைத்தான் அவளால் சொல்ல முடியவில்லை. கையை விரித்து மடக்கினாள். விரல் இடுக்குகளில் எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது.

பல்லுக்காரி என்பது தெரு வைத்த பெயர். வீட்டின் பின்பக்கத்து ஷெட்டில் அவள் பல்செட் செய்கிறாள். பல் டாக்டர்கள் ஆட்களின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் வெள்ளைச் சாந்து மாவை ஊற்றி எடுத்து, ஈறு கட்டி, பல் பதித்து, பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்புவாள். முன்பின் தெரியாதவர்களின் வாய்கள் அலமாரி நிறைய வெள்ளை வெளேரென்று திறந்து கிடக்கும். ரிப்பேருக்கு வரும் பழைய செட்டுகளில் பாசி பிடித்திருக்கும், யாரோ ஒருவருடைய முந்தாநாள் சாப்பாடு இடுக்கில் இருக்கும். தேய்த்துக் கழுவிவிட்டு அதே கையைச் சோப்புப் போட்டு அலம்பிக்கொண்டு சாப்பிட உட்காருவாள். வாய் என்றால் வாய்தான், அதில் அசிங்கம் என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி. அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் ஒரே ஒரு ஆளின் வாயைப் பார்த்தால் அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு தொண்டைக்கு வருகிறது. இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வக்கீலம்மா கடைசிக் கட்டத்தைப் பேனாவால் தட்டினார். "உங்களுக்கு இது ஒண்ணுதான் வழி. நம்ம மாகாணச் சட்டப்படி பன்னிரண்டு மாசம் பிரிஞ்சு இருந்தா, யார் மேலயும் குத்தம் சொல்லாமலே பிரியலாம். வேற வீட்டுக்குப் போயிடறீங்களா?"

"ஷெட்டு அங்கதான் இருக்கு. அடுப்பு, மிஷினு எல்லாம். அதைப் பேத்து எடுத்துட்டு எங்க போறது?"

"அப்ப ஒரே கூரைக்குக் கீழயே இருங்க, சட்டம் ஒத்துக்கும். ஆனா ஒரே குடும்பமா இருக்கக் கூடாது. தனி ரூம். தனி அடுப்பு. அவர் துணியை நீங்க துவைக்கக் கூடாது, உங்க துணியை அவர் துவைக்கக் கூடாது."

"அவர் துவைக்கிறதா?"

"சட்டம் ரெண்டு பேருக்கும் பொதும்மா" என்றார் வக்கீலம்மா, சிரிக்காமல். "ஒருத்தருக்கொருத்தர் பணிவிடை செய்யக் கூடாது. காப்பி போட்டுக் குடுக்கிறது, பட்டன் தைக்கிறது, முதுகுல மருந்து தேய்க்கிறது, எதுவும். நடுவுல மறுபடி சேர்ந்துட்டீங்கன்னு தெரிஞ்சா, பத்து மாசமானாலும் பதினோரு மாசமானாலும் அழிச்சுட்டு முதல்லேர்ந்து எண்ணணும். இப்பவே அவருக்கு ஒரு கடிதம் அனுப்பறேன், இந்த விதியெல்லாம் போட்டு. அது அவர் கைக்குப் போற நாள் முதல் நாள். அப்புறம், வீட்டுக்குள்ள நடக்கிறதைக் கண்ணால பார்த்த ஒருத்தர் வந்து சாட்சி சொல்லணும். இருக்காங்களா?"

இருந்தது ஒரே ஒருத்திதான். அதுவும் அவனுடைய அக்கா.

அண்ணி தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவள். கணவன் போன பிறகு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். எந்தச் சங்கதியையும் தேதியோடுதான் ஞாபகம் வைத்திருப்பாள். 'அன்னிக்கு' என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால், 'என்னிக்கு?' என்று நிறுத்திவிடுவாள்.

"அண்ணி, எனக்கு ஒரு சாட்சி வேணும்."

"எதுக்கு?"

"உங்க தம்பியை விட்டுப் பிரியறதுக்கு."

அண்ணி மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்து முடித்தாள். நான்கு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நான் அவன் கூடப் பொறந்தவடி."

"தெரியும் அண்ணி."

"உனக்காகவும் பொய் சொல்ல மாட்டேன், அவனுக்காகவும் சொல்ல மாட்டேன். பார்த்ததைச் சொல்லுவேன், கேட்டதுக்குத்தான் சொல்லுவேன். போதுமா?"

"போதும்."

"ஆனா அவன் அப்படி என்னடி பண்ணிட்டான்?"

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மேல்வரிசையில் முன்பற்கள் ஆறையும் இழந்தான். அப்போது அவளுக்கு அவன்மேல் இரக்கம் இருந்தது, இரக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தது. கல்யாணப் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்து அவளே அவனுக்குப் பல்செட் கட்டினாள். வரிசையாக வைத்தால் பொய்யாகத் தெரியும் என்று இடது கோரைப்பல்லின் நுனியை ஒரு நூல் அளவு தேய்த்துவிட்டாள். பிறவிப் பல்லைவிட அது அழகாக அமைந்துவிட்டது. அவனுக்கு வேலை டைல்ஸ் கடையில் விற்பனை. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் எமகாதகனாக விற்றான். வாடிக்கையாளர்கள் கல்லைப் பார்க்கவில்லை, பல்லைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அதே பல்லை நாக்கால் தள்ளி வெளியே எடுத்து, மறுபடி உறிஞ்சி உள்ளே மாட்டுவான். டிவி பார்க்கும்போது, பேப்பர் படிக்கும்போது, அவள் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது. டக், டக். சாப்பாட்டின் நடுவில் கழற்றி, பின்பக்கத்தை நக்கி, உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைப்பான். "எடுத்துக் கழுவிட்டு வா கண்ணு" என்பான். அவள் எடுத்துக் கழுவிக்கொண்டு வருவாள்.

ஆனால் அருவருப்பு அங்கே தொடங்கவில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். தன்னை மடக்கி மடக்கிக் கேட்டுப் பார்த்து அவள் போய்ச் சேர்ந்த இடம் ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரம். அவளுடைய அப்பா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பை வெளியே தர யாரோ ஒரு டாக்டரின் கையெழுத்து வர வேண்டியிருந்தது. அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நாலடி தள்ளி அவன் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தான். "உங்க பாத்ரூம்ல தண்ணி தேங்குது பாருங்க சிஸ்டர். அது வழுக்கற ரகம். நம்மகிட்ட சொரசொரப்பா ஒண்ணு வந்திருக்கு." சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினான். நீட்டிவிட்டுச் சிரித்தான். ஆறு பல்லும், அதில் நூல் அளவு தேய்ந்த அந்தக் கோரைப்பல்லும் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவள் ஒன்பது நாள் உட்கார்ந்து தன் கையால் செய்தது. அப்பாவுக்காக வந்த அழுகை பாதியில் நின்று அந்த இடத்தில் குமட்டல் வந்தது. அன்றிலிருந்து வாயில் 'அவர்' என்றும் மனதுக்குள் 'அவன்' என்றும் ஆகிப்போனது.

இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? 'ஆம்பளைன்னா பொழைப்பைப் பார்க்க மாட்டானா?' என்பார்கள். அவளே சில நாள் தன்னிடம் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அண்ணியிடமும் சொல்லவில்லை.

வக்கீலம்மாவின் கடிதம் வந்த அன்று அவன் அதை நின்றபடியே வாசித்தான்.

"துணி துவைக்கக் கூடாதாமே! ஹோட்டல்காரன் பொழைச்சான், லாண்டரிக்காரன் பொழைச்சான்" என்று சிரித்தான். "உனக்குக் கிறுக்கு கண்ணு. பத்து நாள்ல சரியாப் போயிடும்."

பத்து நாளில் சரியாகப் போகவில்லை. அவள் ஷெட்டிலேயே ஒரு கட்டில் போட்டுக்கொண்டாள். ஒற்றை ஸ்டவ் ஒன்று, ஒரு பாத்திரம், ஒரு தட்டு. காலண்டரில் நாளைக் கிழிக்கும்போது பின்பக்கத்தில் எண் எழுதினாள். நூறு. நூற்றைம்பது. வீட்டுக்குள் அழுக்குச் சட்டைகள் நாற்காலிமேல் மலையாக ஏறின. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனாள். இருநூறாம் நாள் அவனுக்குக் காய்ச்சல். "ஒரு வாய் வெந்நீர் வெச்சுக் குடுக்க நாதியில்லையா?" என்று படுக்கையிலிருந்து கத்தினான். அவள் ஷெட்டில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து வெந்நீர் வைத்தாள். "சட்டம் எனக்கு இல்லையே" என்றாள் பொதுவாக, சுவரைப் பார்த்து. முந்நூறு தாண்டியதும் பல்லுக்காரிக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணாடிச் சாமானைத் தலையில் வைத்து நடப்பவளைப்போல அந்த நாட்களை நடந்தாள்.

முந்நூற்று நாற்பத்தோராம் நாள் காலையில் பத்து தட்டுகள் காத்திருந்தன. ஒவ்வொரு தட்டிலும் ஒரு வேலை, ஒரு சீட்டு. அவள் வரிசையாக எடுத்தாள். ஏழாவது தட்டில் சீட்டு இல்லை. மேல்வரிசை முன்பற்கள் வைத்த செட் ஒன்று, நடுவில் நெடுக விரிசல் விட்டுக் கிடந்தது. இன்னும் இரண்டு தடவை கடித்தால் இரண்டாகப் பிளந்துவிடும்.

அவள் அதைக் கையில் எடுத்தாள்.

பின்னால் வந்த நாட்களில் அவள் அந்த நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். கையில் எடுத்ததுமே விரல் கோரைப்பல்லின் நுனிக்குப் போனது. அங்கே நூல் அளவு தேய்மானம் இருந்தது. ஆக, தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் கை நிற்கவில்லை. விரிசலை மெழுகு வைத்துப் பிடித்தாள். பின்பக்கம் மாவு ஊற்றி இறுகவிட்டாள். சின்ன சக்கரத்தால் விரிசலை அகலப்படுத்தி, பொடியும் திரவமும் துளித்துளியாக வைத்து அடைத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் போட்டு மூடினாள். அவன் ஞாபகம் துளியும் இல்லை. விரிசலை எங்கே நிறுத்தினால் மறுபடி ஓடாது என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. பாலிஷ் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோடு தெரியவில்லை. நல்ல வேலை.

அப்புறம்தான், அது யார் வாய்க்குள் போகப்போகிறது என்பது மேலே ஏறி வந்தது. செட்டைத் தட்டில் போட்டுவிட்டு வெளியே ஓடிப்போய் ஓங்கரித்தாள். திரும்பி வந்து பார்த்தபோது தட்டு காலியாக இருந்தது. வீட்டு வாசலில் அவன் அன்று தாமதமாகக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"தேங்க்ஸ் கண்ணு" என்றான், ஆறு பல்லும் தெரிய.

வருஷம் முடிந்து அவள் மனு போட்டாள். மூன்றாவது வாரம் அவன் ஆட்சேபணை போட்டான். முந்நூற்று நாற்பத்தோராம் நாள் மனைவி தன் கையால் கணவனுக்குப் பணிவிடை செய்திருக்கிறாள், அன்பு இல்லாமல் செய்திருக்க முடியாது, ஆகவே பிரிவு அன்றோடு முறிந்தது, எண்ணிக்கையை அன்றிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தான். வக்கீலம்மா படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உங்களை நான் பட்டன்கூடத் தைக்கக் கூடாதுன்னேன். நீங்க பல்லு கட்டிக் குடுத்திருக்கீங்க!"

"விரிசல் விட்டிருந்தது மேடம்."

"விடட்டுமே! அவர் வாய்தானே?"

"வாய் அவரோடது. வேலை என்னோடது."

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மேஜைக்கு மேல் குனிந்து தணிந்த குரலில் சொன்னார்: "சீட்டு இல்லாத தட்டு. பத்து வேலையில ஒண்ணு. யாரோடதுன்னு தெரியாமப் பண்ணிட்டேன். இதான் உங்க பதில். தெரியாது. ஒரே வார்த்தை. முடியுமா?"

"முடியும்" என்றாள்.

"இல்லைன்னா இன்னும் பத்து மாசம் அங்கேயே கிடக்கணும். யோசிச்சுக்குங்க."

விசாரணை அறை சின்னது. ஒரு மேஜை, இரும்பு பீரோ, ஜன்னலுக்கு வெளியே யாரோ கார் கிளப்ப முயன்று முயன்று நிறுத்துகிற சத்தம். விசாரணை அதிகாரி தலை நரைத்த மனிதர். பக்கத்தில் ஆறிப்போன தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் இருந்தன. ஒரு பக்கம் அவளும் வக்கீலம்மாவும் அண்ணியும். எதிர்ப்பக்கம் அவன், இஸ்திரி போட்ட சட்டையில். வக்கீல் வைக்கவில்லை. 'என் வாய் போதும் சார்' என்று உள்ளே வரும்போதே சொல்லியிருந்தான்.

அண்ணியிடம் தனி அடுப்பு, தனி அறை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார் அதிகாரி. "முந்நூத்தி நாற்பத்தோராம் நாள் பத்தி ஏதாவது தெரியுமா?"

"தெரியும். செவ்வாய்க்கிழமை. காலைல எட்டரை. மாடி ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். இவ குளிக்கப் போயிருந்தா. இவன் ஷெட்டுக்குள்ள போனான். போகும்போது எனக்குக் கை ஆட்டிச் சிரிச்சுட்டுப் போனான். வரும்போது வாயைப் பொத்திட்டு வந்தான்."

"அதாவது?"

"பல்லோட போய், பல்லில்லாம வந்தான்."

"அக்கா!" என்றான் அவன்.

"பின்ன என்னடா? கேட்டாரு, சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் அதைத் துணியில சுத்தி வாசப்படியில தட்டிட்டிருந்தியே, அதைக் கேட்டா அதையும் சொல்லுவேன்."

வக்கீலம்மாவின் பேனா வேகமாக ஓடியது. ஆனால் பல்லுக்காரி அவனையே பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவளுக்கு எது பிடிக்கும், எதற்கு அழுவாள் என்று எதையும் அவன் தெரிந்துகொண்டதில்லை. அவள் பிறந்தநாள்கூட மறந்துபோகும். ஆனால் விரிசல் விட்ட வேலையைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது என்பதை மட்டும் பார்த்து வைத்திருக்கிறான். அவளுக்குள் அவளே நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரே இடம் அது. அங்கே அவன் எச்சில் கையை விட்டிருக்கிறான்.

"என் பல்லை நான் எங்க வேணும்னாலும் வைப்பேன் சார்" என்றான் அவன். "கட்டச் சொல்லிக் கேட்டேனா? ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? அவளாத்தான் செஞ்சா. தெரிஞ்சுதான் செஞ்சா. கேளுங்க."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "அது உங்க வீட்டுக்காரரோடதுன்னு தெரிஞ்சு செஞ்சீங்களா, தெரியாம செஞ்சீங்களா?"

மேஜைக்கடியில் வக்கீலம்மாவின் செருப்பு அவள் காலை மிதித்தது.

தெரியாது என்றுதான் சொல்ல வாயெடுத்தாள். எதிரே அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பொய் சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. பொய் சொன்னால், இனி அவளும் அவனும் ஒரே ரகம்.

"தெரியும்" என்றாள்.

வக்கீலம்மா பேனாவை மூடினார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"கையில எடுத்ததும்."

"அப்புறம் ஏம்மா செஞ்சீங்க?"

"விரிசல் விட்டிருந்தது சார். அது நான் கட்டினது. என் வேலை அப்படிக் கிடக்கிறதைப் பார்க்க முடியல."

"அவர் மேல இருக்கிற பிரியத்தால இல்லையா?"

"இல்ல."

"மறுபடி சேரணும்னு எண்ணம்?"

"இல்ல சார்."

"எண்ணத்தை நான் எப்படிம்மா பார்க்கிறது? செய்கை இப்படி இருக்கே." அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டவர் போலத்தான் சொன்னார். தீர்ப்புத் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். "வேணும்னே வெச்சிருக்கலாம். ஆனா தெரிஞ்சு செஞ்சேன்னு நீங்களே சொல்றீங்க. பத்து மாசந்தானே, பொறுத்துக்..."

"செய்கையைப் பாருங்க சார், அந்தச் செய்கையைப் பாருங்க!" என்று அவன் எழுந்தான். ஜெயித்துவிட்ட உற்சாகம். நாக்கு உள்ளே சுழன்றது. டக். கையை வாய்க்குக் கொண்டுபோய் ஆறு பல்லையும் எடுத்து அதிகாரியின் முன்னால், அந்தத் தாளின்மேல், மல்லாக்க வைத்தான்.

எச்சில் நூலாக நீண்டு, அறுந்து, அவன் மோவாயில் ஒட்டியது. தாளில் ஈரம் வட்டமாகப் படர்ந்தது. அதிகாரி எழுதி வைத்திருந்த தேதியின் மை மெல்லக் கலங்கியது.

"கோடு தெரியுதா ஷார்? எங்க உடைஞ்சதுன்னு ஷொல்லுங்க பார்ப்போம்! வெறுக்கிற பொம்பளை இப்பிடிச் ஷெய்வாளா?" ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு தூறல். ஒரு துளி பிஸ்கட்மேல் விழுந்தது.

"எடுங்க" என்றார் அதிகாரி. நாற்காலி பின்னால் நகர்ந்தது. "முதல்ல அதை எடுங்க."

"நல்லாப் பாருங்க ஷார்..."

"எடுய்யா அதை!"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு, சாப்பாட்டு மேஜையில் சொல்வதுபோல, அவள் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் நீட்டிச் சொன்னான்: "கண்ணு, இதைத் துடைச்சுக் குடு."

பல்லுக்காரி அந்தச் செட்டைப் பார்த்தாள். அது பாவம், சுத்தமாக இருந்தது. அடைப்பு நன்றாக நின்றிருந்தது. பிறகு நீட்டிய கையைப் பார்த்தாள். எதிர்பார்த்து, அவசரமில்லாமல், வந்துவிடும் என்ற நிச்சயத்தோடு நீண்டிருந்த அந்தக் கை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளுக்கு வந்தது மறுபடி வந்தது. முகத்தில் அது எப்படித் தெரிந்ததோ அவளுக்குத் தெரியாது. அதுவரை அவள் முகத்தை அந்த நேரத்தில் யாரும் பார்த்ததில்லை.

அதிகாரி பார்த்தார். அவருடைய முகத்திலும் கிட்டத்தட்ட அதேதான் இருந்தது. பென்சில் நுனியால் அந்தச் செட்டைத் தாளிலிருந்து மெல்லத் தள்ளி மேஜை விளிம்புக்குக் கொண்டுபோனார். தாளை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டார். தேநீரையும் பிஸ்கட்டையும் நகர்த்தினார். புதுத் தாள் எடுத்தார்.

"பழுது பார்த்தது தொழில் பழக்கத்தால" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "சேர்ந்து வாழும் எண்ணம் இல்லைங்கிறது நேர்ல தெளிவாச்சு. ஆட்சேபணை தள்ளுபடி. மனு அனுமதி."

"ஷார்!"

"வாயில மாட்டிட்டுப் பேசுங்க."

வக்கீலம்மா அவள் முழங்கையைப் பிடித்து அமுக்கினார். ஆனால் பல்லுக்காரி எழுந்துவிட்டிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். பல்லால இல்ல சார். நீங்க அப்படி நினைச்சுட்டீங்க. பல்லு ஒரு அசிங்கமும் இல்ல. நான் தினம் தொடறது அதைத்தான். எனக்கு இவர்கிட்ட..."

அதிகாரி நிமிரவில்லை. "அம்மா, கிடைச்சதை வாங்கிட்டுப் போங்க" என்றார்.

நீட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா, "நீங்க என்னைக் கொன்னே போட்டிருப்பீங்க" என்று சிரித்துவிட்டு அடுத்த கேசுக்கு ஓடினார். அண்ணியும் அவளும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள்.

"இனிமே என்னை என்னன்னுடி கூப்பிடுவே?" என்றாள் அண்ணி திடீரென்று.

"அண்ணின்னுதான். வேற எப்படி?"

"பேரு சொல்லிக் கூப்பிடாம இருந்தாச் சரி." அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள், வேண்டியதற்கு மேலேயே துடைத்தாள். "அவன் என் தம்பிதான். சின்ன வயசுல நான்தான் அவனுக்கு மூக்கு சிந்தி விடுவேன். எவ்வளவு பெரியவனாகியும் மூக்கை நீட்டிட்டே நின்னான். நான் துடைச்சுட்டே இருந்தேன். அப்புறம் உன்கிட்ட விட்டுட்டேன்."

பஸ் வந்தது. அண்ணிக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விடுதலை என்றால் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்ததுபோல இருக்கும் என்று முந்நூற்று அறுபத்தைந்து நாளும் நினைத்திருந்தாள். தீர்ப்பு மடியில் இருந்தது. சேர்ந்து வாழும் எண்ணம் இல்லை என்று அரசாங்க முத்திரையோடு எழுதியிருந்தது. அவள் வாயால் சொன்னதை அந்த மனிதர் நம்பவில்லை. அவருடைய சொந்த வயிறு புரண்ட பிறகுதான் நம்பினார்.

அதுகூடப் பரவாயில்லை. அவளை உறுத்தியது வேறு. 'துடைச்சுக் குடு' என்று அவன் கையை நீட்டியபோது எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். மேஜைக்கடியில் மடியிலிருந்த கைப்பையை யாரும் பார்க்கவில்லை. அவள் கை தானாகப் போய் அதன் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டிருந்தது. கைக்குட்டையின் ஓரம் விரலில் பட்ட பிறகுதான் நின்றது.

ஜிப்பை இப்போதுதான் இழுத்து மூடினாள். எந்தத் தாளிலும் எழுதப்படாத அந்தப் பாதி ஜிப்பை நினைக்க நினைக்க, முதல்முறையாக அந்தக் குமட்டல் அவன் வாயை நினைக்காமலே, தன் கையைப் பார்த்து வந்தது.